ஒரு மணிக்குச் சரி

2025 ஜூன் 9, திங்கள்

அருப்புக்கோட்டைக்கு மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தாயிற்று. கோயம்புத்தூரை விட்டுவிட்டு அம்மா வீட்டில் குடியிருக்கச் சொன்னது என் வக்கீல் பெத்துராஜ். "அனுபவத்துல நீங்க இருக்கணும் சார். பூட்டிக் கெடந்தா உங்க தங்கச்சி வந்து உக்காந்துக்கிருவாங்க" என்றார். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. மில்லில் முப்பத்தோரு வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவனை, சொந்தத் தங்கை தமயந்தி கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறாள்.

விஷயம் இவ்வளவுதான். போன வருஷம் ஏப்ரல் எட்டாம் தேதி அம்மா இந்த வீட்டை எனக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தாள். மே இரண்டாம் தேதி இறந்துவிட்டாள். பத்திரம் எழுதும்போது அம்மாவுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை, பத்திரம் செல்லாது, பாதி வீடு எனக்கு வேண்டும் என்கிறாள் தமயந்தி. அம்மாவைப் பைத்தியமாக்கியாவது பாதி வீடு வாங்கவேண்டும் அவளுக்கு. நல்ல மகள்!

என் மனைவி வனஜா வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் படியைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கைப்பிடி வைங்க. அத்தையும் இதத்தான கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றாள். காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன். ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவனுக்குக் காது மந்தம் என்பது ஊர் அறிந்தது. அதில் சில வசதிகளும் உண்டு.

2025 ஜூன் 12, வியாழன்

பெத்துராஜ் ஆபீசில் தமயந்தியின் வழக்குரையை முழுதாக வாசித்தேன். ஏழாவது பாராவில் சிரிப்பு வந்துவிட்டது. "தாயார் சீனியம்மாள் கடைசிக் காலத்தில் சுவரைப் பார்த்துத் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார்" என்று எழுதியிருக்கிறாள்.

அது சுவர் இல்லை. நான் மாட்டிய கேமரா. அது அவளுக்கும் தெரியும்.

அப்பா போன பிறகு, 2022இல் ஹாலில் மாட்டினேன். படமும் தெரியும், சத்தமும் கேட்கும், நான் போனில் பேசினால் அதிலிருந்து என் குரலும் வரும். கோயம்புத்தூரிலிருந்து நான் போனில் திறக்கும்போதும் மூடும்போதும் அது 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். கட்டிலில் படுத்திருந்தாலும் அம்மா டக்கென்று திரும்பி, "வந்துட்டியாய்யா?" என்பாள். அடுத்தது, "சாப்டியாய்யா?" ஊரில் எந்தப் பிள்ளை தாயை ஒரு நாளைக்கு மூன்று முறை பார்க்கிறான்? நான் பார்த்தேன். காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு எட்டு. பார்த்ததற்கு நோட்டும் போட்டேன். மில்லில் மெஷினுக்கு மெஷின் லாக் ஷீட் எழுதிய கை, சும்மா இருக்குமா? நேரம், படம், சத்தம் என்று மூன்று கட்டம். படம் சரி, சத்தம் சரி. இரண்டு வருஷத்தில் ஒரு கட்டம்கூடக் காலி கிடையாது.

சொன்னதும் பெத்துராஜ் எழுந்தே விட்டார். "சார், இத முன்னாடியே சொல்லக் கூடாதா? கேஸே முடிஞ்சு போச்சு!"

2025 ஜூன் 13, வெள்ளி

பின்கட்டுக் குழாய் சொட்டுகிறது. வாஷர் மாற்றினேன். பதினைந்து ரூபாய் சாமானுக்குக் கடைக்காரன் பில் தர மாட்டேன் என்கிறான்.

2025 ஜூன் 17, செவ்வாய்

மறுபடி சொட்டுகிறது. வனஜாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "ஒரு வாளிய வைங்க, செடிக்கு ஊத்திக்கிறேன்" என்கிறாள். எனக்குத்தான் அந்தச் சத்தம் மண்டைக்குள் இறங்குகிறது. "குழாய நிப்பாட்டச் சொல்லுய்யா, சேலை நனையுது" என்று அம்மா எப்போதோ சொன்னது அதோடு சேர்ந்து ஓடுகிறது. குழாய்க்காரனை வரச்சொல்லிக் குழாயையே பிடுங்கி அடைக்கச் சொல்லிவிட்டேன்.

"நல்லாருந்த குழாய எதுக்குப் பிடுங்குறீங்க?" என்றாள். காது கேட்கவில்லை.

2025 ஜூலை 4, வெள்ளி

மதுரையிலிருந்து கணினி நிபுணர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது, பேசும்போது போனைத்தான் பார்க்கிறார். கேமராவின் ரெக்கார்டர் பெட்டியை பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பெட்டியில் முப்பது நாள் பதிவுதான் நிற்கும். அதற்கு மேல் பழையதன்மீது புதியது ஏறிவிடும். என் அதிர்ஷ்டம், அம்மா போன மறுநாள் விட்டு மறுநாள், மே நாலாம் தேதி, கரண்ட் பில் ஏறும் என்று மெயினை அணைத்துவிட்டுப் போயிருந்தேன். அதனால் ஏப்ரல் நாலு முதல் மே நாலு வரை அப்படியே உறைந்து கிடக்கிறது. பத்திரம் பதிந்த ஏப்ரல் எட்டும் உள்ளே இருக்கிறது.

சும்மா பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் கோர்ட் ஏற்காது. அதோடு சான்றிதழ் வேண்டும். "பழைய ஆளுங்க இன்னும் அறுபத்தஞ்சு பி-ன்னுதான் சொல்வாங்க. இப்ப சட்டம் மாறி அறுபத்து மூணு" என்றார் பெத்துராஜ். முதல் பகுதியில் நான் கையெழுத்து. இந்தப் பெட்டி என் பொறுப்பில் இருந்தது, அந்த நாட்களில் ஒழுங்காக வேலை செய்தது, நான் அதைத் தினமும் பயன்படுத்தினேன். இரண்டாவது பகுதியில் நிபுணர் கையெழுத்து. பதிவுக்கு ஒரு நீளமான எண்ணும் போட்டார். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடுமாம். பஞ்சுப் பேலுக்கு லாட் நம்பர் மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

"என் நோட்டையும் சேர்த்துத் தாக்கல் பண்ணுங்க" என்றேன்.

பெத்துராஜ் தலையைச் சொறிந்தார். "நோட்டு எதுக்கு சார்? சான்றிதழே போதும். வேண்டாததக் கொடுத்தா அதுல நொட்டைதான் பாப்பாங்க."

"என் லாக்ல நொட்டை சொல்ல இன்னும் ஒருத்தன் பொறக்கல" என்றேன். லாக் இல்லாத மெஷினை நான் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

போகும்போது நிபுணர் சொன்னார்: "சார், இதுல யார் எந்த நிமிஷம் திறந்து பாத்தாங்கன்னு ஒரு லிஸ்டும் இருக்கு. முப்பது நாளும் சத்தமும் பதிவாகியிருக்கு. தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

2025 ஜூலை 5, சனி

பெட்டியின் நகலில் மே இரண்டாம் தேதியைப் போட்டுப் பார்த்தேன். ஒரு சூப்பர்வைசர் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும், அதற்காகத்தான். காலை பத்து நாற்பதுக்கு அம்மா எழுந்து சமையலறைப் பக்கம் போகிறாள். அதன் பிறகு ஹால் காலி. கட்டில், மின்விசிறி, காலண்டர். அம்மா விழுந்த பின்கட்டுப் படி கேமராவில் தெரியாது. மாலை ஐந்து மணிக்கு எதிர்வீட்டு பாக்கியம் டீச்சர் பூக்கட்டோடு வந்து, உள்ளே போய், தலையில் அடித்துக்கொண்டு ஓடிவருவது வரைக்கும் வெறும் ஹால்தான்.

என் நோட்டில் அன்று ஒரு மணிக்குப் 'படம் சரி' என்று இருக்கிறது. ஹால் சரியாகத்தானே இருந்தது? என்மேல் ஒரு குற்றமும் இல்லை.

சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன். சத்தத்துக்கு என்ன அவசியம்?

2025 ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று என் நாள்!

கோர்ட்டில் பெரிய திரை வைத்து ஏப்ரல் எட்டாம் தேதிப் பதிவைப் போட்டார்கள். அன்று நான் நேரில் வந்திருந்தேன். பத்திர நகலை வரிவரியாக வாசித்துக் காட்டுகிறேன். அம்மா மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நாலு எல்லை மாலும் சரியாப் போட்டிருக்கானா பாரு. வடக்க சந்து மூணடி" என்கிறாள். எவ்வளவு தெளிவு! பிறகு, "குரு, வீடு உனக்கே இருக்கட்டும். கடைசி வரைக்கும் நீ பாத்துக்கிருவேல்ல?" என்கிறாள். பார்த்துக்கொள்கிறேன் என்கிறேன்.

அடுத்து, சுவரோடு பேசும் விவகாரம். ஏப்ரல் இருபதாம் தேதி. 'டிக்.' அம்மா திரும்பி, "வந்துட்டியாய்யா? சாப்டியாய்யா?" என்கிறாள். கேமராவிலிருந்து என் குரல், "சாப்ட்டேன்மா." கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் அம்மாகூடச் சிரித்தார்கள்.

பெத்துராஜ் கேட்டதற்கெல்லாம் தெளிவாகச் சொன்னேன். காது மந்தம் என்பதால் எப்போதும் முழுச் சத்தம் வைத்துத்தான் பார்ப்பேன், அம்மா சொல்லும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும், கேட்காமல் நோட்டில் 'சத்தம் சரி' என்று ஒருநாளும் போட்டதில்லை. ஜட்ஜ் அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்து, "எவ்வளவு நீட்டா எழுதியிருக்காரு" என்றார்கள். அதைக் கேட்கவே இத்தனை வருஷம் எழுதியதுபோல் இருந்தது.

தமயந்தி பெஞ்சில் உட்கார்ந்து, அம்மா குரலைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நடிப்பு.

2025 ஆகஸ்ட் 19, செவ்வாய்

தமயந்தியின் வக்கீல் ஆக்னஸ் என்ற பெண், முப்பது நாள் பதிவும் முழுதாக வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறாள். "எதிர்க்கலாம். ஆனா எதையோ மறைக்கிறோம்னு ஜட்ஜ் அம்மாவுக்குத் தோணிரும்" என்றார் பெத்துராஜ். கொடுத்துவிடச் சொன்னேன். வெறும் ஹாலைப் பார்த்து என்ன செய்யப் போகிறாள்?

2025 ஆகஸ்ட் 20, புதன்

நெஞ்செரிச்சல். வனஜா சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

2025 செப்டம்பர் 15, திங்கள்

சிலிண்டர் புக் செய்தேன். தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வருகிறது. பாக்கியம் டீச்சர் வாசலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். தமயந்தி ஏதோ ஓதியிருப்பாள்.

அடக்கம் முடிந்த அன்றே தமயந்தி என்னிடம் கேட்டாள்: "அண்ணே, அன்னிக்கு மத்தியானம் ஒரு மணிக்கு நீ பாத்தியா?" பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது என்றேன். வேறெதுவும் கேட்காமல் எழுந்து போனாள். அன்றிலிருந்து அவள் பார்வையே சரியில்லை.

பத்திரம் பதிந்து மூன்று வாரத்துக்குள் அம்மா மனசைக் கலைத்தவளும் இவள்தானே? கைப்பிடி வைக்கவில்லை, கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போகவில்லை என்று அம்மா குறைப்பட்டதும், ஆர்.டி.ஓ. ஆபீசில் மனுக் கொடுத்தால் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்று இவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மே ஒன்றாம் தேதி அம்மா கேமராவைப் பார்த்தே சொன்னாள்: "வெள்ளிக்கெழம தமயந்தி வர்றாய்யா. நான் அவ கூடப் போறேன். கோவிச்சுக்கிராத." நான் நோட்டில் 'சத்தம் சரி' என்று எழுதினேன். அடுத்த நாள் வியாழக்கிழமை, அம்மா போய்விட்டாள். விதி.

2025 அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தேன்மொழி ஓசூரிலிருந்து வந்திருக்கிறாள். ஒரே மகள், நல்ல வேலை, அப்பன் மேல் உயிர். சாப்பிடும்போது, "அப்பத்தா கேமரால என்னைய விசாரிப்பாங்களாப்பா?" என்றாள். விசாரிப்பாள் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க மூணு வேளையும் பாத்தீங்களேப்பா, அது போதும்" என்றாள். குறுக்கு விசாரணை அன்று லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றிருக்கிறாள். அப்பனின் பெருமையைப் பிள்ளை பார்க்கட்டும்.

2025 நவம்பர் 11, செவ்வாய்

முழுதாக எழுதிவிடுகிறேன். லாக் என்றால் நல்லதும் கெட்டதும் எழுத வேண்டும்.

பன்னிரண்டரைக்குக் கூண்டில் ஏறினேன். வனஜாவும் தேன்மொழியும் பின் பெஞ்சில் இருந்தார்கள். ஆக்னஸ் குரலே உயர்த்தவில்லை. கேட்டதெல்லாம் நான் ஏற்கெனவே சொன்னதைத்தான். பெட்டி உங்கள் பொறுப்பில் இருந்ததா? இருந்தது. நன்றாக வேலை செய்ததா? செய்தது. முழுச் சத்தம் வைத்துத்தான் பார்ப்பீர்களா? ஆமாம். கேட்காமல் 'சத்தம் சரி' என்று போட்டது உண்டா? கிடையாது. நோட்டை நீட்டினாள். "மே ரெண்டு, ஒரு மணி. படம் சரி, சத்தம் சரி. இது உங்க கையெழுத்துதானே சார்?" என்னுடையதுதான்.

"பெட்டியில உள்ள லிஸ்ட்படி அன்னிக்கு ஒரு மணியிலேர்ந்து ஒரு மணி பதினொன்னு வரைக்கும் உங்க போன்ல திறந்திருந்திருக்கு. அந்தப் பதினோரு நிமிஷத்தையும் இப்பப் போடறேன்" என்றாள்.

திரையில் வெறும் ஹால். மின்விசிறி சுற்றுகிறது. 'டிக்.'

பின்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. தூரத்துக் குரல்தான். ஆனால் திரைக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்.

"வந்துட்டியாய்யா? டிக்குன்னுச்சே... குரு, விழுந்துட்டேன்யா. கால மடக்க முடியல. டீச்சருக்கு ஒரு போனப் போட்டு வரச் சொல்லுய்யா."

குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

"குரு, இருக்கியா? குழாய நிப்பாட்டச் சொல்லுய்யா, சேலை நனையுது."

பிறகு, "பத்திரத்துக்குக் கோவமாய்யா? நான் தமயந்தி கூடப் போகலய்யா. ஒண்ணும் வேணாம். டீச்சர மட்டும் கூப்டு."

பத்தாவது நிமிஷம் போல, "சாப்டியாய்யா?" என்றாள்.

மறுபடி 'டிக்.' பதினொன்று முடிந்தது. நான் பெத்துராஜைப் பார்த்தேன். அவர் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜட்ஜ் அம்மா டைப் அடிப்பவரைப் பார்த்து, "லஞ்சுக்கு அப்புறம் பாப்போம்" என்று எழுந்துவிட்டார்கள்.

வேப்பமரத்தடியில் பெத்துராஜ் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். "கேக்கலன்னு சொல்லிருங்க சார். பழக்கதோஷத்துல சரின்னு எழுதிட்டேன், உண்மையில எனக்குக் காதே சரியாக் கேக்காதுன்னு சொல்லுங்க. ஊர் நம்பும்."

"வீடு?" என்றேன்.

"நோட்டு பொய்னா சான்றிதழ் கொடுத்த ஆளும் பொய்னு ஆயிரும். சான்றிதழ் போச்சுன்னா ஏப்ரல் பதிவ ஜட்ஜ் அம்மா பாக்கவே முடியாது. பாதி வீடு கைய விட்டுப் போயிரும்."

"கேட்டுச்சுன்னு சொன்னா?"

"வீடு நிக்கும்" என்றார். காலால் வேப்பிலைச் சருகைத் தள்ளிக்கொண்டிருந்தார். "வேற என்ன நிக்கும்னு எனக்குத் தெரியல சார்."

வனஜா காலையில் கட்டிக் கொடுத்திருந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். பசித்தது. ஒளிக்க என்ன இருக்கிறது?

இரண்டரைக்கு ஆக்னஸ் ஒரே கேள்விதான் கேட்டாள். "உங்க அம்மா கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

முப்பத்தோரு வருஷத்தில் பொய்யாக ஒரு 'சரி' போட்டவன் இல்லை நான். லாக் பொய் என்று நானே என் வாயால் சொல்வதா? அதுவும் அரை வீட்டைக் கொடுத்துவிட்டு?

"கேட்டுச்சு" என்றேன்.

"கேட்டும் எதிர்வீட்டு டீச்சருக்கு ஏன் போன் பண்ணல?"

"அம்மா எப்பவும் எதையாவது கேட்டுக்கிட்டேதான் இருப்பாங்க."

"மறுநாள் உங்க தங்கச்சி வந்து அவங்களக் கூட்டிப் போறதா இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"ஞாபகம் இல்லை."

அவ்வளவுதான், போகலாம் என்றாள். ஜட்ஜ் அம்மா நான் சொன்னதைக் கோர்ட் தமிழில் எழுதவைத்தார்கள்: "அன்று மதியம் ஒரு மணிக்கு என் தாயார் என்னை அழைத்த குரல் எனக்குக் கேட்டது என்றால் சரிதான்." படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது பின் பெஞ்சில் தேன்மொழி இல்லை.

2025 நவம்பர் 12, புதன்

தேன்மொழி முதல் பஸ்ஸிலேயே ஓசூர் போய்விட்டாளாம். ஆபீசில் அவசரமாக இருக்கும்.

2025 நவம்பர் 14, வெள்ளி

வனஜா பெட்டி கட்டினாள். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "உங்களுக்குக் காது கேக்காதுன்னு முப்பது வருஷமாக் கத்திக் கத்தி என் தொண்டை போயிருச்சு. நல்லாக் கேக்குமாம். கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லிட்டீகளே! நான் தேனு வீட்டுக்குப் போறேன்."

ஆட்டோவில் ஏறும்போது, அடுப்பில் ரசம் இருக்கிறது என்றாள். உப்பே போடவில்லை.

2025 டிசம்பர் 19, வெள்ளி

தீர்ப்பு. வழக்கு தள்ளுபடி. பத்திரம் செல்லும். வீடு முழுதும் எனக்கு!

பெத்துராஜ் பதினெட்டாம் பக்கத்தை வாசித்துக் காட்டினார். தாயாரின் மரணச் சூழ்நிலை மனதை வருத்துகிறது, ஆனால் இந்த வழக்கின் பிரச்சினை அதுவல்ல என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே: "விழுந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன நிலையிலும் தாயார் எதிர்வீட்டு ஆசிரியையை அழைக்கச் சொல்லியிருக்கிறார். குழாயை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். பத்திரத்தையும் நினைவில் வைத்துப் பேசியிருக்கிறார். எனவே அவர் கடைசி வரை தெளிந்த மனநிலையில் இருந்தார் என்பதில் ஐயமில்லை."

நான் ஏப்ரல் பதிவை நம்பியிருந்தேன். ஜெயித்துக் கொடுத்தது மே இரண்டு.

"அப்பீல் போவாங்களா?" என்று பெத்துராஜிடம் கேட்டேன். அவர் கைகொடுக்காமலே காரில் ஏறிவிட்டார். பீஸ் பாக்கி எதுவும் இல்லை.

வராந்தாவில் தமயந்தி நின்றிருந்தாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. "அன்னிக்கு நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றாள். "நான் பாட்டுக்கு அழுதுட்டுப் போயிருப்பேன். கேஸே போட்டிருக்க மாட்டேன்."

நான் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொண்டு போனாள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்புவாள். அனுப்பட்டும். அதில் ஒரு பொய்யும் இல்லை.

2026 ஜனவரி 5, திங்கள்

சமையல் கைவரவில்லை. மெஸ்ஸில் சொல்லிவைத்திருக்கிறேன். வாசலில் வைத்துவிட்டு மணியடித்துப் போய்விடுகிறான். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனேன். பந்தியில் என் இரண்டு பக்கமும் இலை காலியாகவே இருந்தது.

2026 ஜனவரி 9, வெள்ளி

தேன்மொழியிடமிருந்து பார்சல்! பிரித்தால் கேமரா. புது மாடல். பொங்கலுக்கு வருவாளா என்று தினமும் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆனால் அப்பனை மறக்கவில்லை. உள்ளே ஒரு சீட்டு. "தனியா இருக்கீங்க. ஹால்ல மாட்டிருங்க. மூணு வேளையும் பாத்துக்கிறேன்."

பழைய ஆணியிலேயே மாட்டினேன். கண் நிறைந்துவிட்டது. ரத்தம் ரத்தம்தான்.

இரவு எட்டு மணிக்கு 'டிக்' என்றது. திரும்பிப் பார்த்து, "சாப்ட்டியாம்மா?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டிக்.' பிறகு போனில் வாட்ஸப் வந்தது. ஒரே சொல்: "சரி."

2026 ஜனவரி 15, வியாழன்

பொங்கல். காலை ஏழு: சரி. மதியம் ஒன்று: சரி. இரவு எட்டு: சரி.

வேறு எதுவும் எழுத மாட்டேன் என்கிறாள். மெஷினைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள்.

2026 ஜனவரி 28, புதன்

பின்கட்டுப் படிக்குக் கைப்பிடி வைக்க வெல்டரைக் கூப்பிட்டேன். நாளைக்கு வருகிறேன் என்கிறான். நாலு நாளாக இதையே சொல்கிறான்.

2026 பிப்ரவரி 2, திங்கள்

காய்ச்சல். நேற்றும் மெஸ்காரன் சாப்பாட்டை வாசலில்தான் வைத்துவிட்டுப் போனான். எடுத்துவர முடியவில்லை, நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

2026 பிப்ரவரி 3, செவ்வாய்

எழுந்தால் தலை சுற்றுகிறது. கட்டிலிலேயே கிடக்கிறேன். பாக்கியம் டீச்சருக்குப் போன் போட்டேன். என் நம்பரை எடுப்பதில்லை. வனஜாவும் எடுக்கவில்லை.

மதியம் 'டிக்' என்றது. நான் நேராகக் கேமராவைப் பார்த்து, "தேனு, ரொம்ப முடியலம்மா. டீச்சருக்கு ஒரு போனப் போட்டு வரச் சொல்லும்மா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஹாலுக்கு நடுவில், நன்றாகத் தெரிகிற இடத்தில்தான் படுத்திருக்கிறேன். இரண்டு முறை சொன்னேன். தண்ணீர் வேண்டும் என்றும் சொன்னேன்.

மணி பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோரு நிமிஷம். மறுபடி 'டிக்.'

பிறகு வாட்ஸப் வந்தது. சரி.